பட்டியலின் ஆறாவது வரி

மகன் எங்கள் முன்னால் வைத்த தாளில் ஒன்பது வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு தொகை. கீழே அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடு. அதன் கீழே 60,000. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்து நான்கு நாட்கள்தாம் ஆகியிருந்தன. 2024 மே மாதம். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் விளையாடுவதற்கான கணினி ஒன்று வாங்கித் தருவதாக முந்தைய ஆண்டே வாக்களித்திருந்தோம். 'எவ்வளவு வந்தாலும்' என்பது எங்கள் பெருந்தன்மை அன்று. பரிசையும் மதிப்பெண்ணையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் பையன் தேர்வறையில் கணினியையே நினைத்துக்கொண்டிருப்பான் என்று எங்களில் கணக்குக் கற்பிப்பவர் எச்சரித்ததால் வந்த சொல் அது.

எங்களில் ஒருவர் செங்கல்பட்டை அடுத்த கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளர். மற்றவர் பள்ளியில் கணித ஆசிரியை. இதைத் தட்டச்சு செய்வது ஒருவரின் விரல்கள்தாம். ஆயினும் இந்த விஷயத்தைத் தன்மை ஒருமையில் எழுத மனம் ஒப்பவில்லை. பட்ட நட்டமும் செய்த பிழையும் இருவருக்கும் பொது.

அறுபதாயிரம் என்ற எல்லையும் நாங்கள் வகுத்ததே. ஏலச்சீட்டு எடுத்ததில் நாற்பத்தைந்து, விடைத்தாள் திருத்தியதில் பதினைந்து. அதற்குமேல் ஒரு ரூபாயும் இல்லை என்று சொல்லியிருந்தோம். மகன் அதற்கு வருந்தவில்லை. மூன்று மாதங்களாக அந்த எல்லைக்குள்ளேயே உழன்று, ஒரு வரியைக் கூட்டி மறு வரியைக் குறைத்து, வெண்பாவுக்குத் தளை பார்ப்பவனைப்போல் உட்கார்ந்திருந்தான். ஒரு சீர் பிசகினால் எல்லாம் போயிற்று என்ற கவலை அவன் முகத்தில் இருந்தது. பணம் தாராளமாக இருந்திருந்தால் அவன் இவ்வளவு கற்றிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியது வேறு: இந்த மூன்று மாதங்களை இயற்பியலுக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான்.

விளையாட்டுக் கணினி என்றாலே இலக்கியம் பயின்றவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். எங்களிடமும் அது இருந்தது. மகன் அதை அறிந்து, தான் விளையாட விரும்பும் ஒன்றைப் பற்றித் தயாராக வந்திருந்தான். 2015இல் வெளியான 'விட்சர் 3' என்னும் அந்த விளையாட்டு, போலந்து எழுத்தாளர் ஆன்ட்ஷே சப்கோவ்ஸ்கியின் கதைகளின் உலகத்தில் நிகழ்வது. "கதை புத்தகத்துலேருந்து வந்ததுதான்பா" என்றான். தந்தையின் பலவீனம் எது என்று மகன்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கணக்குக் கற்பிப்பவர் சிரித்தார். பட்டியலைக் கையில் எடுத்தோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியதாக அவன் சொன்னது, இத்தகைய கணினியில் பணத்தின் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஓர் உறுப்புக்குப் போய்விடும் என்பது. அது கிராபிக்ஸ் கார்டு. பட்டியலில் அதற்கு எதிரே 20,400 என்று இருந்ததைக் கண்டு நாங்கள் திடுக்கிட்டோம். அவன் விளக்கினான். திரையின் அகலத்தில் 1920 புள்ளிகள், உயரத்தில் 1080. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணித்துத் தீட்டினால் ஒரு படம். அசைவு தடுமாறாமல் தெரிய ஒரு விநாடிக்கு இப்படி 60 படங்களாவது வேண்டும். ஆக விநாடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேல். எங்களில் கணக்குக் கற்பிப்பவர் அந்த இடத்தில் முழுமையாக அவன் பக்கம் சாய்ந்துவிட்டார். எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த கல் எங்கே விழும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது பிராசசர். அதைப் பார்த்து ஒளியும் நிழலுமாகத் தீட்டித் தருவது கார்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. இருவரில் ஒருவர் மட்டும் வேகமாக இருந்து பயனில்லை. மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகலாம். பிராசசரைச் செயலி என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்குள் கைப்பேசியில் இறக்கிக்கொள்வதற்கும் செயலி என்ற பெயரே நிலைத்துவிட்டது. வகுப்பில் செயலி என்றால் மாணவர்கள் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் கடைத்தெருவின் சொற்களையே கைக்கொள்கிறோம். நண்பர்கள் பொறுத்தருள்க.

பெயர்களின் சிக்கல் தமிழ்ச் சொற்களோடு நிற்கவில்லை. அந்தப் பொருட்களின் பெயரிடும் முறையே ஓர் இலக்கணம். அவன் தேர்ந்திருந்த பிராசசர் 2022இல் வந்த 'ரைசன் 5 5600'. ஆறு உள்ளகங்கள், பன்னிரண்டு இழைகள். அதன் பின்னால் 'ஜி' என்ற ஓர் எழுத்து சேர்ந்தால் உள்ளேயே படம் வரையும் திறன் உண்டு என்று பொருள். ஆனால் மூன்றாம் நிலை இடைமாற்று நினைவகம் 32 எம்.பி.யிலிருந்து 16ஆகப் பாதியாகிவிடும். இன்டெல் நிறுவனத்தின் பெயர்களில் 'எஃப்' என்று முடிந்தால் படம் வரையும் திறன் இல்லை என்று பொருள். ஒன்றில் விகுதி சேர்ந்தால் உண்டு. மற்றொன்றில் விகுதி சேர்ந்தால் இல்லை. கார்டுகளின் நிலைமை இன்னும் மோசம். 'ஆர்.டி.எக்ஸ் 3050' என்ற ஒரே பெயரில் 2022இல் 8 ஜி.பி. கொண்ட ஒன்று வந்தது. 2024இல் 6 ஜி.பி. கொண்ட ஒன்று வந்தது. குறைந்தது நினைவகம் மட்டும்தான் என்று வாங்குபவர் நினைப்பார். உண்மையில் கணிக்கும் உள்ளகங்களின் எண்ணிக்கை 2560இலிருந்து 2304ஆகவும், நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம் 128 பிட்டிலிருந்து 96ஆகவும் குறைந்துவிட்டன. பலபொருள் ஒருசொல் என்று நாங்கள் இலக்கண வகுப்பில் கற்பிப்பதைக் கடைக்காரர்கள் எவ்வளவு லாபகரமாகக் கையாள்கிறார்கள் என்று வியந்தோம்.

பிராசசரும் மதர்போர்டும் பொருந்துவது அடுத்தது. 5600இன் அடியில் 1331 ஊசிகள், அவை 'ஏ.எம்.4' எனும் குழியில் மட்டுமே அமரும். குழி பொருந்தினால் போதாது. போர்டு பழைய சரக்காக இருந்து, அதன் பயாஸ் மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், பிராசசரை அது அடையாளம் காணாது. நிலைமொழியும் வருமொழியும் சரியாகவே நின்றாலும் புணர்ச்சி நிகழாது என்று சொல்லலாமா? அவன் எழுதியிருந்த 'பி450' வகைப் போர்டு 2018இலேயே வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பிராசசரை அது அறிந்திருக்க வேண்டுமென்றால் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்தக் கேள்வியைப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தான். ரேம் 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்கினால் நூறு ரூபாய் குறையும். ஆனால் எட்டும் எட்டுமாக இரண்டு வாங்கினால்தான் இரண்டு பாதைகளிலும் தரவு ஓடும். ஒற்றை மாட்டு வண்டியும் இரட்டை மாட்டு வண்டியும் என்று விளக்கினான். அவன் எந்த மாட்டு வண்டியிலும் ஏறியதில்லை.

பழைய கார்டு வாங்கலாமே என்று நாங்கள் கேட்டோம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். அதற்கும் பதில் இருந்தது. எத்தீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்டுவதற்காக இந்தக் கார்டுகளை அறை அறையாக அடுக்கி இரவும் பகலும் ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் முறையே மாற்றப்பட்டுக் கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓய்வுபெற்றவை துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. "எல்லாமே கெட்டதுன்னு இல்லப்பா. ஆனா நல்லதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது" என்றான். அந்தப் பதிலில் எங்களுக்கு அவன்மீது மதிப்பு உண்டாயிற்று. ஆய்வாளர்கள் சிலரிடம் கூட இந்த வாக்கியத்தைக் கேட்பது அரிது.

இப்படியாக ஐந்து வரிகளைக் கடந்து ஆறாவது வரிக்கு வந்தோம். 'எஸ்.எம்.பி.எஸ் 500 வாட் - 1,900.'

இருவருமே பேசவில்லை. மகன் ஏழாவது வரிக்குப் போய்விட்டிருந்தான்.

எங்கள் முதல் கணினி 2006இல் வாங்கியது. செலரான் பிராசசர், 80 ஜி.பி. வன்தட்டு, குமிழ்த் திரை. இருபத்திரண்டாயிரம் ரூபாய். வங்கியில் நகையை வைத்து வாங்கினோம். பாகங்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கடைக்காரர் தேர்ந்தெடுத்தார். கேபினட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ் அதனுள்ளேயே வரும், தனியாகப் பணம் வேண்டாம் என்றார். இலவசம் என்று மகிழ்ந்தோம். அப்படி ஒரு பொருள் உண்டு என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

கணினி வாங்கியது ஆய்வுக்காக. எங்களில் தமிழ் கற்பிப்பவர் 2004-05இல் நிறைஞர் பட்டத்துக்காக மதுராந்தகம் ஏரிப் பாசனத்து ஊர்களில் பெண்களின் பாடல்களைத் தொகுத்தார். புதிதாக மணமானவர்கள் நாங்கள். ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் குறிப்பெடுக்க, விடுமுறை நாட்களெல்லாம் வரப்புகளில் கழிந்தன. அதிகம் பாடியவர் ஆயா. எங்களில் ஒருவரின் அம்மாவைப் பெற்றவர். நடவுப் பாட்டு கேட்டால் திண்ணையில் உட்கார்ந்தபடி அவருக்கு வராது. எழுந்து, இடுப்பை வளைத்து, இடக்கையில் இல்லாத நாற்றுமுடியைப் பிடித்து, வலக்கையால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் நகர்ந்தால்தான் பாட்டு வரும். பதிவில் அந்தக் கை தரையைத் தொடும் ஓசையும் இருந்தது. ஒப்பாரி கேட்டபோது வீட்டுக்குள் பாட மறுத்துவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. ஏரிக்கால்வாயை ஒட்டிய புளியமரத்தடிக்கு நடந்துபோய், தம் கணவர் இறந்தபோது பாடியதை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பாடினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, 'கருவி ஓடுதா' என்று கேட்டார். அந்த வருடமே ஐப்பசியில் போய்விட்டார்.

பதினான்கு ஒலிநாடாக்கள். கருவியும் நாடாக்களும் துறை நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றவை. கணினி வந்ததும் ஒரு கம்பியை இணைத்து, இரவு இரவாக நாடாக்களை ஓடவிட்டு, ஒலியைக் கணினிக்கு மாற்றினோம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம், வேறு வழியில்லை. எல்லாம் ஏறியபின் நாடாக்களைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் அவற்றில் கருத்தரங்க உரைகளைப் பதிந்துகொண்டார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

2007 நவம்பர் மழையில் ஒரு மாலை, மின்சாரம் போய்ப் போய் வந்தது. கேபினட்டின் பின்புறத்திலிருந்து பட்டாசு போல் ஓர் ஒலி. பிறகு கருகிய நாற்றம். மகன் அப்போது கைக்குழந்தை, அழத் தொடங்கினான். மறுநாள் வந்த மெக்கானிக் எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது என்றார். போகும்போது வன்தட்டையும் கொண்டுபோயிருந்தது. தட்டு சுழலவே இல்லை. ஆய்வேட்டில் அச்சான பாடல்கள் இருக்கின்றன. சொற்கள் இருக்கின்றன. ஒப்பாரியில் ஆயா ஒரு சொல்லின் கடைசி உயிரை இழுத்துக்கொண்டே போய் மூச்சு அறுந்து நிற்கும் இடங்களில் நாங்கள் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறோம்.

இலவசமாக வந்த அந்தப் பெட்டியையும் அதை விற்றவரையும் பதினேழு ஆண்டுகளாக நாங்கள் சபித்து வந்திருக்கிறோம்.

இவ்வளவையும் மகனிடம் சொன்னோம். முன்பே அரைகுறையாகக் கேட்டிருக்கிறான். "1,900 கூடாது. நல்லது எவ்வளவு ஆகும்?" என்றோம். 4,300 என்றான். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளது. வித்தியாசம் 2,400. எல்லை அறுபதாயிரம். கார்டைக் குறைக்கலாமே, அந்த 6 ஜி.பி. 3050 மூவாயிரம் குறையுமே என்று நாங்கள் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டோம். தேர்ந்திருந்த 'ஆர்எக்ஸ் 6600' 2021இல் வந்தது. இந்த விலைக்கு அதை விஞ்ச ஆளில்லை என்பது அவனுடைய மூன்று மாத ஆய்வின் முடிவு. அதில் கைவைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அந்தப் பாட்டெல்லாம் ஒரே எடத்துலதான் வச்சிருந்தீங்களா?"

ஆம் என்றோம்.

"சிடில போட்டு வச்சிருக்கலாமே. அப்ப இருந்திருக்கும்ல?"

இருந்தது. எங்கள் கணினியிலேயே சிடி எழுதும் கருவி இருந்தது. வெற்றுச் சிடி அன்று பத்துப் பதினைந்து ரூபாய். சினிமாப் பாட்டுகளை எழுதி உறவினருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம். அவன் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை, வெறும் ஐயம்தான். நாங்கள் விடை சொல்லவில்லை. அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ரப்பரை எடுத்து ஐந்தாவது வரியில் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. என்றிருந்ததை அழித்து 500 ஜி.பி. என்று எழுதினான், 5,400 என்பது 3,300 ஆயிற்று. ஏழாவது வரியில் வண்ண விளக்குகள் சுழலும் கேபினட்டை அடித்து, விளக்கில்லாத ஒன்றை எழுதினான், முந்நூறு குறைந்தது. இரண்டும் சேர்ந்து 2,400. கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நின்றது. இப்போதைய விளையாட்டுகளில் சில ஒவ்வொன்றும் 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்பவை. மூன்று பெரிய விளையாட்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நான்காவது வேண்டுமென்றால் ஒன்றை அழிக்க வேண்டும். அதை அவன் பின்னர்தான் சொன்னான்.

சனிக்கிழமை காலை மின்தொடர் வண்டியில் பூங்கா நிலையம் வரை சென்று, சென்ட்ரலில் மெட்ரோ ஏறி, அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். ரிச்சி தெரு என்பது ஒரு தெரு அன்று; நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்த ஒரு சந்தை. கம்பிச் சுருள்கள், கேமராக்கள், அடுக்கி வைத்த ஒலிபெருக்கிகள், தள்ளுவண்டியில் எலுமிச்சைச் சாறு. ஒருவர் தோளில் ஆறு கேபினட்டுகளைச் சுமந்துகொண்டு எங்கள் நடுவே நுழைந்து போனார். நான்கு கடைகளில் விலை கேட்டோம். ஒரு கடையில் பில் வேண்டாமென்றால் இரண்டாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பதினெட்டு விழுக்காடு வரி அதில் மறைகிறது. கூடவே உத்தரவாதமும் மறைகிறது. வெளியே வந்துவிட்டோம்.

நாங்கள் வாங்கிய கடையில் பணியிலிருந்த இளைஞர் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு வந்ததும் தயங்கினார். "எதுக்கு சார் நாலாயிரம்? இது பாருங்க, ஐந்நூறு வாட், ரெண்டாயிரத்துக்குள்ள வரும். எல்லாரும் இதான் எடுக்குறாங்க." பெட்டியை நீட்டினார். மகன் அதைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையை எங்களில் கணக்குக் கற்பிப்பவரிடம் காட்டினான். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே 18 ஆம்பியர் என்றிருந்தது. பிராசசரும் கார்டும் உண்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான். "பன்னெண்டைப் பதினெட்டால பெருக்குங்க தம்பி" என்றார் அவர், வகுப்பில் கேட்பதுபோல. 216. கார்டு மட்டுமே 132 வாட் கேட்பது, பிராசசருக்கு 65 என்று எழுதியிருந்தாலும் அழுத்தத்தில் அதைத் தாண்டும், பிறகு விசிறிகள். மேலே எழுதியிருந்த 500 எங்கிருந்து வந்தது என்று அந்த இளைஞரால் சொல்ல முடியவில்லை. எங்கள் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர்; 540. இளைஞர் சிரித்துவிட்டார். "மேடம் டீச்சரா?" என்று கேட்டுவிட்டு அதற்குமேல் எதையும் பரிந்துரைக்கவில்லை. ஒன்றை மட்டும் மகன் எங்களுக்குத் திருத்திச் சொன்னான்: பிரான்ஸ் சான்று என்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் தருகிறது என்பதற்கு மட்டுமே, மின்னழுத்தம் மிகும்போது தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதையும் பார்த்திருந்தான்.

கார்டு கிடங்கிலிருந்து வர அரை மணி ஆகும் என்றார்கள். மகன் கடையிலேயே நின்றுகொண்டான். நாங்கள் வெளியே வந்தோம். எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், ஒரு மேசை அகலமே உள்ள இடத்தில், அழிந்த தகவல்களை மீட்டுத் தருவதாகப் பலகை தொங்கியது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உருப்பெருக்கியின் கீழே ஒரு வன்தட்டின் பச்சைப் பலகையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்களில் யார் முதலில் பேச்சுக் கொடுத்தோம் என்று நினைவில்லை. 2007, மழை, எஸ்.எம்.பி.எஸ், சுழலாத தட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையசைக்கத் தொடங்கிவிட்டார்.

கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினார். மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகளவு கறுப்பாக ஏதோ இருந்தது. "இது ஒரு டயோடு சார். வோல்டேஜ் ஓவரா வந்தா இது ஷார்ட் ஆயிடும். டிஸ்க்கைக் காப்பாத்தத்தான் வச்சிருக்கான். இது செத்துட்டா டிஸ்க் சுத்தாது. டிஸ்க்கே போச்சுன்னு நெனைச்சிடுவாங்க. இதைப் பேத்து எடுத்துட்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்ல போட்டா முக்கால்வாசி ஓடிடும். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த டிஸ்க் வச்சிருக்கீங்களா?"

அந்தத் தட்டுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் புதியது ஒன்றை இலவசமாக வாங்கிவந்தோம். அதிலாவது நட்டமில்லை என்று அன்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். பழையது என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை.

"வாரண்டில குடுத்துட்டோம்" என்றோம்.

"அடடா" என்றார். வேறு யாரோ ஒருவர் கைப்பையிலிருந்து பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார். நாங்கள் விலகி வழிவிட்டோம்.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. கேபினட் பெட்டியை இருக்கைக்கு எதிரே நிறுத்தி அதன்மேல் மானிட்டரைப் படுக்கவைத்திருந்தான். கார்டை மட்டும் மடியில் வைத்திருந்தான். தாம்பரம் தாண்டியபின், படிக்கட்டுக்கு அடியில் கேட்டதை அவனிடம் சொன்னோம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். "ஒரு டயோடா?" என்றான். பிறகு செங்கல்பட்டு வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவே கூடத்தில் பாயை விரித்துப் பூட்டத் தொடங்கினோம். திருப்புளி முனையிலிருந்து சிறு திருகு ஒன்று கேபினட்டுக்குள் விழுந்து அதைத் தேட அரை மணி. பிராசசரை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். 1331இல் ஓர் ஊசி வளைந்தாலும் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய். எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தினால் விசிறிகள் ஓடின, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. இரவு பதினொன்றரை மணி. பயாஸ் புதுப்பிக்காத போர்டு என்று அவன் முடிவுக்கு வந்து கண் கலங்கினான். கடைக்காரர் ஆயிற்று என்றுதான் சொல்லியிருந்தார். எங்களில் தமிழ் கற்பிப்பவர், எதுவும் அறியாத காரணத்தால், பின்புறம் போய்ப் பார்த்து, திரையின் கம்பியைச் செருக இரண்டு இடங்கள் இருக்கின்றனவே என்றார். மேலே உள்ளது போர்டின் வாய். கீழே உள்ளது கார்டின் வாய். 'ஜி' இல்லாத பிராசசருக்குப் போர்டின் வாய் ஊமை. விகுதி விளக்கத்தை எங்களுக்கு ஒரு மாதமாகக் கற்பித்தவன் அதை மறந்து மேலே செருகியிருந்தான். கம்பியை மாற்றியதும் எழுத்துகள் வந்தன.

விளையாட்டு முழுதாக இறங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இரவு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். குதிரையில் ஒருவன் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போகிறான். மழைக்கு முன் வரும் காற்றில் நாணல்கள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. தூரத்தில் ஒரு பெண் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்கிறது. நன்றாகவே இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். கேபினட்டின் அடியில் அந்த 4,300 ரூபாய்ப் பெட்டி இருப்பதே தெரியவில்லை, ஓசையும் இல்லை.

2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கே நினைவகச் சில்லுகள் போய்ச் சேர, ரேமின் விலை இருமடங்குக்கும் மேல் ஏறியபோது, அன்றே எட்டும் எட்டும் வாங்கியதைத் தன் தீர்க்கதரிசனம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவன் செய்த நல்ல தேர்வு அதுவல்ல. பட்டியல் எழுதிய தாளைத் தூக்கிப்போட எடுத்தபோது, பத்தாவதாக ஒரு வரி பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்தோம்: 'வெளி வன்தட்டு 1 டி.பி. - அடுத்த சீட்டு.' ஆகஸ்டு மாதம் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் ஆய்வேட்டின் ஒரே படிதான் இருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து 164 பக்கங்களையும் கைப்பேசியால் படமெடுத்து அதில் ஏற்றினான். இணையத்திலும் ஒரு படி வைத்தான். ஆயாவின் ஒப்பாரி 91ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அந்தப் பக்கம் மட்டும் கை அசைந்து மங்கலாக விழுந்திருக்கிறது. திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.